அம்மன் பீடத்து மருந்தில் விழுந்த எண்ணெய்

கும்பாபிஷேக மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கும்பாபிஷேகக் கமிட்டிக்காரர்கள் மூன்று தரம் வந்துவிட்டார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன், எனக்கு என்ன எழுத வரும் என்று இரண்டு தரம் தப்பித்தேன். மூன்றாம் தரம் வந்தபோது, இந்த முறை மருந்து இடிக்க மின்சார மெஷின் வாடகைக்கு வந்திருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இடிக்கிறது. கை வலி இல்லை, ஆள் மாற்ற வேண்டியதில்லை. அதை ஓட்டுகிறவர் என்னிடம், “பதம் வந்திருச்சுன்னு நீங்க எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன், ஒரு பழைய நாள் ஞாபகம் வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஜலகண்டாபுரத்துக்கு மேற்கே ஒரு நெசவுக்காரர் ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது படித்தால் தெரியும்.

தெரியாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கருவறையில் சிலையைப் பீடத்தின் மேல் நிறுத்திய பிறகு, இரண்டுக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தை அடைக்கிற பசைக்கு அஷ்டபந்தனம் என்று பெயர். தொழிலில் நாங்கள் மருந்து என்போம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், காவிக்கல், சாதிலிங்கம், செம்பஞ்சு, தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுச் சரக்கு. தூளாக்கிச் சலித்து, கல் உரலில் போட்டு, வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மூன்று நாள் இடிக்க வேண்டும். இடி விழும் வரை மருந்து மெழுகுபோல இருக்கும். இடி நின்றால் இறுகும். பீடத்தில் வைத்துவிட்டால் பன்னிரண்டு வருஷத்துக்கு அசையக் கூடாது. தண்ணீர், பால், எண்ணெய் என்று எத்தனை அபிஷேகம் ஆனாலும் ஒரு சொட்டு உள்ளே இறங்கக் கூடாது.

நான் இந்த வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. கடலைக்காய் ஆட்டும் செக்கில் கூலிக்கு இருந்தேன். மாடு மிரளும், செக்கு உடையும் என்று நான் படுகிற பயத்தைப் பார்த்துச் செக்குக்காரரே, “உனக்கு ஓடாத பொருளோட வேலை பாக்கறதுதான் நல்லதுப்பா” என்று சொல்லி வையாபுரி மேஸ்திரியிடம் சேர்த்துவிட்டார். முதல் நாலைந்து வருஷத்தில் சொல்ல எதுவும் இல்லை. சலித்தேன், இடித்தேன், தண்ணீர் சுமந்தேன், பயந்தேன்.

மேஸ்திரி ஆட்டையாம்பட்டிக்காரர். ஒல்லியான ஆள். தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும். மருந்து உரலில் இருக்கும் வரை வெற்றிலை போட மாட்டார், வாசனை தெரியாமல் போய்விடும் என்பார். கண்ணால் பார்ப்பது குறைவு. உரலுக்கு வெளிப்புறம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு ஒரு சிட்டிகை எடுத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி, மூக்கருகே கொண்டுபோவார். அவ்வளவுதான் பரீட்சை. ராசிபுரத்துப் பக்கம் ஒரு கோயிலில் வெண்ணெய் வந்தபோது சட்டியைத் திறக்காமலே, மூடியில் ஒட்டியிருந்ததை மோந்துவிட்டு, “இதுல பசு வெண்ணெய் பாதி கலந்திருக்குதுங்க, பலகாரத்துக்கு வெச்சுக்கோங்க” என்று திருப்பி அனுப்பினார். கொண்டுவந்தவர் சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

எங்களை எல்லாம் “வா சாமி, இடி சாமி” என்பார். கோபம் வந்தால் குரல் உயராது. ஒரு ‘ங்க’ சேரும். “வாங்க சாமி” என்றால் யாரோ தப்புச் செய்திருக்கிறோம் என்று அர்த்தம்.

அந்த நெசவுக்காரர் ஊருக்கு நாங்கள் போனது, மேட்டூரில் அணை வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். மண்சுவரும் கூரையுமாக இருந்த மாரியம்மன் கோயிலை அந்த ஊர்க்காரர்கள் கல் கோயிலாகப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். மறுநாள் காலை கும்பாபிஷேகம். யாகசாலையில் குடங்களுக்கு நூல் சுற்றி வைத்திருந்தார்கள். நூல் சுற்றுவதில் அந்த ஊர்க்காரர்களோடு யார் போட்டி போட முடியும்? ஒவ்வொரு குடத்திலும் இழை தறியில் ஓடினதுபோல அளவு மாறாமல் ஓடியிருந்தது. குருக்களய்யாவே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் அம்மனுக்கு மருந்து சாத்த வேண்டும். காலையில் மூன்றாம் நாள் இடி நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் ஊர்க்காரர்களும் வந்து ஆளுக்குப் பத்து இடி இடிப்பது வழக்கம், அது அவர்கள் அம்மனுக்குச் செய்கிற கைங்கரியம். அப்போது உரலுக்குப் பக்கத்தில் எங்கள் ஆள் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்பது மேஸ்திரி போட்ட சட்டம். அன்று என் முறை.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பீடத்துப் பள்ளத்தில் ஈரம் இருக்குமோ? விடிந்ததிலிருந்து நாலு தரம் துடைத்திருந்தேன். ஆனாலும் கருவறைக்குள் யாராவது தண்ணீர்ச் சொம்போடு போயிருந்தால்? போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. நாச்சிமுத்து என்கிற நெசவுக்காரர் உலக்கை பிடித்திருந்தார். நாற்பது வயது, ஊரில் தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பேர். நம்பிக்கையான மனுஷர்தானே என்று, “இதோ வந்துட்டனுங்க” என்று எழுந்து போனேன். பள்ளம் உலர்ந்தே இருந்தது. ஐந்தாம் தரமாகத் துடைத்தேன்.

திரும்பி வரும்போதே சத்தம் மாறியிருந்தது. ‘தொம் தொம்’ என்று விழுந்த இடி ‘சளக் சளக்’ என்று விழுந்தது. உலக்கையின் பூண் பளபளவென்று மின்னியது. நாச்சிமுத்துவின் காலருகே ஒரு கொட்டாங்குச்சி, அதன் அடியில் நல்லெண்ணெய்.

“என்னங்க இது?” என்றேன்.

“உலக்கையில ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேனுச்சுங்க. பாவுக்குக் கஞ்சி கூட்டறப்ப இழை ஒட்டாம இருக்க ரெண்டு சொட்டு எண்ணெய் உடுவமில்லீங்க? அந்த மாதிரி ஒரு அரைக் கரண்டி உட்டனுங்க. இப்பப் பாருங்க, எப்படி வழுக்கிட்டு எறங்குதுன்னு!”

முகமெல்லாம் சிரிப்பு. அம்மனுக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷம்.

நெசவில் அது சரி. கஞ்சியில் எண்ணெய் இல்லாவிட்டால் பாவு இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆனால் எங்களுக்கு ஒட்டத்தான் வேண்டும். வெண்ணெய் மருந்தோடு சேர்ந்து இறுகிவிடும். எண்ணெய் இறுகாது, கல்லுக்கும் மருந்துக்கும் நடுவே வழுக்கலாக நின்றுகொள்ளும்.

உண்மையைச் சொல்கிறேன், பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். அரைக் கரண்டிதானே, யாருக்குத் தெரியும்? ஆனால் நாளைக்கு அம்மன் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் விழுவதும், அது பீடத்தடியில் கசிந்து வருவதும் கண்ணில் வந்து நின்றது. பொய்யைப் பன்னிரண்டு வருஷம் காப்பாற்றுகிற தைரியம் எனக்குக் கிடையாது. யாகசாலைப் பக்கம் இருந்த மேஸ்திரியிடம் ஓடினேன். நான் எழுந்து போனதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர், “வாங்க சாமி” என்றார்.

உரலருகே வந்து உட்கார்ந்தார். தோள் துண்டு நழுவிக் கொட்டாங்குச்சியின் மேல் விழுந்தது. தற்செயலாக விழுந்தது என்றுதான் அப்போது நினைத்தேன். ஒரு சிட்டிகை எடுத்தார், நசுக்கினார், மோந்தார். இரண்டு கருங்கல் சில்லுகளுக்கு நடுவே அதை வைத்து அமுக்கி, தண்ணீர்ச் செம்புக்குள் போட்டுவிட்டு, நாச்சிமுத்துவிடம் தறியைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பொறுத்துச் சில்லுகளை எடுத்து ஒரு திருகு திருகினார். சோப்புப் போட்டதுபோல வழுக்கிக்கொண்டு தனித்தனியாக வந்துவிட்டன.

துண்டைக் கொட்டாங்குச்சியோடு சேர்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தார். கொட்டாங்குச்சி எங்கே போயிற்று என்று நான் பார்க்கவில்லை. ஊர்ப் பெரியதனக்காரரிடம் நேராகப் போய், எல்லாரும் கேட்கும்படி சொன்னார்:

“நான் போட்ட அளவு தப்பாப் போச்சுங்க. இந்த மருந்து ஆகாது. புதுசா இடிக்கோணும்.”

பெரியதனக்காரர் முகம் சிவந்தது. “ஏனுங்க மேஸ்திரி, முப்பது கோயிலுக்கு மருந்து வெச்ச கையின்னு சொன்னாங்க. எங்க ஊருக்கு வந்துதான் அளவு தப்புச்சாக்கும்?”

“ஆமாங்க. வயசாகுதில்லீங்க.”

அவருக்கு அப்போது நாற்பத்தைந்துகூட இருக்காது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்: “எங்க ஊட்டுக்காரரைக் கேட்டிருந்தாப் பதம் சொல்லியிருப்பாருங்க மேஸ்திரி! அவரு போட்ட கஞ்சி ஒரு நாளாச்சும் கெட்டிருக்குதா?”

அந்த அம்மாள் நாச்சிமுத்துவின் சம்சாரம். நான் நாச்சிமுத்து பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் என் முகமே காட்டிக் கொடுத்திருக்கும்.

“கேட்டிருக்கோணுமுங்க அம்மிணி, தப்புத்தான்” என்றார் மேஸ்திரி, கொஞ்சமும் சிரிக்காமல்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கோயிலுக்குப் போனாலும் சரக்கை மூன்று பங்காகப் பிரித்து, இரண்டை இடித்து ஒன்றைத் தூளாகவே மூட்டை கட்டி வைப்பார். அந்தப் பங்கு அம்மனுக்கு மட்டும் போதும். பிள்ளையாருக்கும் பலிபீடத்துக்கும் போதாது, அவற்றுக்குப் பிறகு சரக்கு வாங்கித் திரும்பி வந்துதான் வைக்கவேண்டும். சரக்குப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. மூன்று நாள் இடிக்க வேண்டியதை ஒரு பகலில் எப்படி இடிப்பது?

உரலைச் சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்க்கச் சொன்னார். உலக்கைப் பூணைத் தணலில் காட்டி எண்ணெய்ப் பசையைப் போக்கினார். கெட்டுப்போன மருந்தைக் கோயிலுக்குப் பின்னால் வேம்படியில் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார், அம்மனுக்கென்று இடித்ததை யாரும் மிதிக்கக் கூடாது என்று. புதுத் தூளைக் கொட்டினதும், “இனிமே எங்க ஆளுங்க எட்டுப் பேரு மட்டுந்தானுங்க இடிப்போம், நேரமில்லை” என்றார். ஊர்க்காரர்களுக்கு மனத்தாங்கல்தான். உடனே அவர் சுற்றிலும் பார்த்து, “ஆனா மொத இடி ஊருக்காரங்க கைதான் போடோணும். நாச்சிமுத்து, நீங்க வாங்க. உங்க கை சுத்தமான கை” என்று உலக்கையை நீட்டினார்.

நாச்சிமுத்து அந்த உலக்கையையும் மேஸ்திரியையும் பார்த்தார். வாங்கி ஒரு இடி இடித்தார். கொடுத்துவிட்டுக் கும்பிட்டு ஒதுங்கிப் போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் இடித்த இடியை எழுத்தில் எழுத முடியாது. இரண்டு இரண்டு பேராக, ஒருவன் உலக்கை தூக்கும்போது மற்றவன் உலக்கை விழ, நடுவில் மூச்சு விடுகிற இடைவெளிகூட இல்லாமல் இடித்தோம். மேஸ்திரியும் ஓர் ஆளாக நின்று இடித்தார். மூன்று நாளில் மெதுவாகச் சேர்க்கிற வெண்ணெயைச் சுண்டைக்காய் சுண்டைக்காயாகச் சேர்த்தார். கொஞ்சம் கூடினாலும் இளகிவிடும், குறைந்தால் தூள் கூடாது. எனக்கு உள்ளங்கை பிய்ந்து போயிற்று. வெயில் சாயும் நேரத்தில் அவர் உரலின் மேல் கை வைத்தார், ஒரு சிட்டிகை எடுத்தார், மோந்தார். “எடு சாமி” என்றார். ‘ங்க’ இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் எனக்கு உயிர் வந்தது.

கருவறைக்குள் மருந்தை விரல் தடிமனில் கயிறாகத் திரித்து, அம்மன் பாதத்தைச் சுற்றிப் பள்ளத்தில் வைத்து, பெருவிரலால் அமுக்கிக்கொண்டே போனார். பிறகு இன்னொரு திரி, அதன் மேல் இன்னொன்று. ஓரிடத்தில் காற்று அடைத்திருக்கிறது என்று தோண்டி எடுத்துத் திரும்ப வைத்தார். வெளியே விளக்கு ஏற்றினார்கள்.

மறுநாள் யாகசாலையிலிருந்து குடங்கள் புறப்பட்டன. மேளம், குலவை, எல்லார் கண்ணும் கோபுரக் கலசத்தின் மேல். தண்ணீர் ஊற்றும்போது ஊரே மேலே பார்த்துக் கைகூப்பி நின்றது. கருவறைக்கு முன்னால் நின்று பீடத்தடியையே பார்த்துக்கொண்டிருந்த ஆள் நான் ஒருவன்தான். ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை. ஆனால் அது முதல் நாள்.

மரியாதை செய்யும் நேரம் வந்தது. குருக்களய்யா, ஸ்தபதி, கொத்தனார், மேளக்காரர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அந்த ஊர்த் தறியில் நெய்த வேட்டியைப் போர்த்தினார்கள். மருந்து மேஸ்திரியைக் கூப்பிடவில்லை. பெரியதனக்காரர் எங்கள் பக்கம் பார்த்துவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார். மேஸ்திரி, “நாம கெளம்பலாம் சாமி” என்றார், சாப்பாட்டுக்கு எழுந்திருப்பதுபோல.

வண்டிப் பாதையில் வரும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. “நடந்ததைச் சொல்லியிருக்கலாமுங்களே, உங்க பேரு ஏனுங்க கெடோணும்?” என்று கேட்டேன்.

“நாம நாளைக்கு வேற ஊருக்குப் போயிருவோம் சாமி. அவன் சாவற வரைக்கும் அந்த ஊர்லயேதான தறி போடோணும்?” என்றார். கொஞ்ச தூரம் போனபின், “அம்மன் மருந்தைக் கெடுத்தவன்னு ஒருக்காச் சொல்லிட்டா, அவம் புள்ளைக்குப் பொண்ணு குடுப்பாங்களா?” என்றார். நான் எழுந்து போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ.

பன்னிரண்டு வருஷம் நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும். மூன்று நாள் இடிக்க வேண்டியதை ஒரே பகலில் இடித்த மருந்து! ஐப்பசி மழை பெய்தால் அந்தக் கருவறைதான் ஞாபகம் வரும். ஒரு தரம் சேலம் கடைவீதியில் அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்து, “அம்மன் நல்லா இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டேன். “அம்மனுக்கு என்னங்க, நல்லாத்தான் இருக்குது. நீங்கதான் வெளுத்துப் போயிருக்கறீங்க” என்றார்.

யுத்த காலத்தில் அந்தக் கோயிலுக்கு மறு கும்பாபிஷேகம் வந்தது. மேஸ்திரி கண் மங்கி வீட்டோடு இருந்தார், நான்தான் ஆட்களோடு போனேன். அம்மனுடைய சக்தியைக் குடத்துக்கு மாற்றிய பிறகு, பழைய மருந்தை உளி வைத்து எடுக்க வேண்டும். முதல் அடியை நானே அடித்தேன். உளி ‘டங்’ என்று திரும்பி வந்தது. கருங்கல்லில் அடித்ததுபோலப் பொறி பறந்தது. நாலு பேர் ஒரு காலை முழுக்க அடித்தோம், நடுவில் கொல்லன் பட்டறைக்கு இரண்டு தரம் உளியை அனுப்பினோம். முதல் கும்பாபிஷேகம் கழிந்து திரும்பிப் போய் மூன்று நாள் நிதானமாக இடித்துப் பிள்ளையாருக்கு வைத்தோமே, அதுதான் ஒரு மூலையில் பிளந்திருந்தது!

வெளியே வந்தேன். நாச்சிமுத்து நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்துப் போயிருந்தது.

“புடிச்சிருந்துச்சுங்களா?” என்றார்.

“எதைக் கேக்கறீங்க?”

“எனக்குத் தெரியுமுங்க. மேஸ்திரி உலக்கையைக் கையில குடுத்தப்ப அவரு தோள் துண்டுல எண்ணெய் ஊறியிருந்துச்சு. என் கொட்டாங்குச்சியக் காணோம். அப்பவே புரிஞ்சு போச்சுங்க. வாயத் தொறந்து சொல்ல எனக்குத் தைரியம் வரல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பூசாரிகிட்ட, ‘பீடத்துல ஏதாச்சும் கசியுதா’ன்னு கேப்பனுங்க. இப்பெல்லாம் என்னையக் கண்டாலே அவன், ‘கசியல, போ’ங்கறான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பன்னிரண்டு வருஷம் பயந்தது நான் மட்டும் இல்லை. “கல்லாப் புடிச்சிருக்குதுங்க. உளி மழுங்கிப் போச்சு” என்றேன். அவர் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிப் போய்ப் பெட்டியைத் திறந்தார். அடியில், பூச்சி அரிக்காமல் புகையிலை போட்டு மடித்த ஒரு வேட்டி. மரியாதைக்கான வேட்டிகளை அந்த ஊரில் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டு நெய்திருக்கிறார்கள். மருந்து மேஸ்திரிக்கானது அவர் பங்குக்கு வந்திருக்கிறது. கூப்பிடாததால் அவரிடமே திரும்பி வந்துவிட்டது. “என் சம்சாரத்துக்கும் இன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க. நீங்க கொண்டுபோயிக் குடுங்க” என்றார்.

கும்பாபிஷேகம் முடிந்து ஆட்டையாம்பட்டிக்குப் போனேன். மேஸ்திரி வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உளி திரும்பி வந்ததை முதலில் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். வேட்டியை மடியில் வைத்து, யார் கொடுத்தது என்பதைச் சொன்னேன்.

அவருக்குக் கண் தெரியவில்லை. வேட்டியின் ஓரத்தைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினார். மெதுவாக மூக்கருகே கொண்டுபோனார். புகையிலை வாசனை தாண்டி வேறெதையோ தேடுவதுபோல அப்படியே வைத்திருந்தார்.

“கஞ்சி அவனே போட்டதா?”

“ஆமாங்க.”

“எண்ணெயை அளவா உட்டிருக்கான் சாமி” என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கட்டிலில் வைத்தார். வேட்டியை மடிப்புக் கலையாமல் அந்தத் தோளில் போட்டுக்கொண்டார்.